ஆமைத் தொட்டிக்கு ஒரு சிவகாசி வடிகட்டி

1

ஜார்ஜ் எங்கள் வீட்டுக்கு வந்து இந்த வாரத்தோடு ஒரு வருடம். ஜார்ஜ் என்பது ஓர் ஆமை. இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து விரித்தால் நிறையும் அளவு, பச்சை ஓடு, காதோரம் குங்குமத்தைத் தீற்றிய மாதிரி சிவப்புக் கோடு. போன சனிக்கிழமை அது செய்த காரியத்தை ஊரில் இருக்கிற அத்தனை பேருக்கும் போனில் சொல்லி, டெலிபோன் கார்டு தீர்ந்து, மறு கார்டு வாங்கி, அதுவும் தீர்ந்துவிட்டது. இன்னும் சொல்லி முடித்தபாடில்லை. எழுதிவிடுவதே நல்லது என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் சனிக்கிழமையை மட்டும் சொன்னால் விளங்காது. ஒரு வருடத்தையும் சொல்ல வேண்டும்.

முதலில் நாங்கள் யார் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவி முத்துலட்சுமி நர்ஸ். விருதுநகரில் பிரசவ வார்டில் பதினோரு வருடம் வேலை பார்த்தவள். இரண்டாயிரத்து மூன்றில் இங்கிலாந்துக்கு நர்சுகள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பரீட்சை எழுதி, தேறி, யார்க்ஷயர் பக்கம் ஓர் ஊருக்கு வந்து சேர்ந்தாள். இங்கே அவளுக்குக் கிடைத்தது முதியோர் வார்டு. ஆறு மாதம் கழித்து நானும் மகள் கார்த்திகாவும் வந்தோம். என் பாஸ்போர்ட்டில் நான் மனைவியைச் சார்ந்து வாழ்பவன் என்று முத்திரை குத்தியிருக்கிறது. சிவகாசியில் நான் ஆப்செட் மெஷின்மேன். ரெண்டு கலர் மெஷின் ஒன்றையும் நாலு கலர் மெஷின் ஒன்றையும் சத்தத்தை வைத்தே எங்கே நோகிறது என்று சொல்லத் தெரிந்தவன். இங்கே ஒரு பார்சல் கிடங்கில் பெட்டிகளை ஸ்கேன் செய்கிறேன். பெட்டிகள் வரும் பெல்ட் நின்றுபோனால் ஒரு சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டு நான் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். மெஷினைத் தொட எனக்கு அனுமதி இல்லை. அதற்கென்று வேறு ஆள் வருவார். அவர் வந்து செய்வதைப் பார்த்துக்கொண்டு நான் கைகளைப் பைக்குள் வைத்துக்கொள்வேன்.

கார்த்திகா வந்தபோது எட்டு வயது. இப்போது பன்னிரண்டு. வீட்டில் நாங்கள் தமிழில் கேட்டால் அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். ஞாயிற்றுக்கிழமை மாமாவுக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தால், "நல்லா இருக்கேன் மாமா", "சாப்ட்டேன் மாமா", "அம்மாகிட்டக் குடுக்குறேன் மாமா" என்ற மூன்றே வரி. அதற்குள் வியர்த்துவிடும் அவளுக்கு.

லட்சுமியோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நர்ஸ் ஒருத்தி ஆஸ்திரேலியாவுக்கு வேலை மாறிப் போனாள். ஆமையைக் கொண்டுபோக அந்த நாட்டில் சம்மதம் இல்லை. இரண்டரை அடிக் கண்ணாடித் தொட்டி, அதற்குள் ஆமை, ஒரு சின்ன வடிகட்டி மோட்டார், ஒரு விளக்கு, எல்லாவற்றையும் எங்கள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு அழுதுகொண்டே காரில் ஏறினாள். கார்த்திகா அன்று சாயங்காலம் தொட்டியை விட்டு நகரவில்லை. ஜார்ஜ் என்று பெயரும் வைத்துவிட்டாள்.

2

ஆமை வீட்டுக்குள் வரக்கூடாது என்று நம் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. உங்களுக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை. என் மாமியாருக்கு விஷயம் போனதும், அந்த ஆமை வெளியேறினால் இருக்கன்குடிக் கோயிலுக்கு நடந்தே வருவதாக வேண்டிக்கொண்டுவிட்டார். இதைச் சொன்னவன் லட்சுமியின் தம்பி மாரிச்சாமி. நானும் அவனும் ஒரே அச்சகத்தில் ஒரே மெஷினில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர்கள். அவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

"ஆமத்தூர்க்காரியைக் கட்டுனீக, ஆமை வந்திருச்சு. இதுல என்ன இருக்கு மச்சான்" என்றான். லட்சுமி பிறந்த ஊர் ஆமத்தூர். அவளுக்கு இந்த வேடிக்கை பிடிக்கவில்லை.

நாங்கள் இருப்பது ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கான அடுக்குமாடிக் குடியிருப்பு. பிராணி வளர்ப்பதென்றால் குடியிருப்பு அலுவலகத்தில் படிவம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். படிவத்தை நிரப்பியவன் நான். நமக்கு ஆமை என்றால் ஆமை. இங்கே தரையில் திரிவதற்கு ஒரு பெயர், குளத்தில் கிடப்பதற்கு ஒரு பெயர், கடலில் நீந்துவதற்கு இன்னொரு பெயர். நான் கையோடு கொண்டுவந்திருந்த பழைய அகராதியில் முதலில் இருந்த பெயரை எழுதினேன். டார்ட்டாய்ஸ். அது தரை ஆமை. ஒரு அட்டைப் பெட்டியும் நாலு கீரை இலையும் போதும் அதற்கு. பத்தே நாளில் அனுமதிக் கடிதம் வந்தது. அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு நான் ஐம்பது குடம் கொள்கிற மாதிரி ஒரு தொட்டியை மாடியில் வைத்திருப்பது தெரியாது. ஐம்பது குடம் என்பது லட்சுமி சொல்கிற கணக்கு. ஏழு குடம்தான் பிடிக்கும்.

ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் வெயில். தொட்டித் தண்ணீர் மூன்றாம் நாளே கஞ்சித் தண்ணீர் மாதிரி ஆகும். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து உள்ளே வரும்போது சேற்றுக்குட்டை நாற்றம் முகத்தில் அடிக்கும். ஞாயிறுதோறும் நானும் கார்த்திகாவும் வாளி வாளியாக மொண்டு குளியலறையில் ஊற்றுவோம். லட்சுமி இரவு டூட்டி முடிந்து வந்து படுத்திருப்பாள். தலையணையை முகத்தில் அழுத்திக்கொண்டு, "அதை எங்கயாவது கொண்டு விட்டுட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்பாள்.

செப்டம்பரில் கடிதம் வந்தது. கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுத்திருக்கிறார். கூரை வழியாக நாற்றமும், ராத்திரி பகல் என்று இல்லாமல் ஒரு கிர்ர் சத்தமும் வருகிறதாம். ஆறு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை அலுவலகத்திலிருந்து ஒருவர் பார்வையிட வருவார். குறை நீங்கவில்லை என்றால் அனுமதி ரத்து, பிராணியை அகற்ற வேண்டும். கார்த்திகா கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவள் கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது.

3

மறுநாள் வேலை முடிந்து நேரே மீன் தொட்டிச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். கடைக்காரர் பச்சை ஸ்வெட்டர் போட்ட ஒல்லியான மனிதர். என் பிரச்சினையை நம் ஊர் இங்கிலீஷில் மரியாதையாகச் சொன்னேன். "மை டர்ட்டில் இஸ் கோயிங் டூ மச் மோஷன்."

"ரொம்ப நல்லது. சுறுசுறுப்பாக இருக்கிறது என்று அர்த்தம்" என்றார்.

"இல்லை, நாள் முழுக்க மோஷன். தண்ணீர் எல்லாம் மோஷன்."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அது ஏறி இறங்கி விளையாட ஒரு பாறை வைத்தால் அமைதியாகிவிடும் என்றார். மூன்று கிலோ இருக்கும் ஒரு தட்டைக் கல்லைத் தூக்கிக்கொண்டு நான் பஸ்ஸில் வந்தேன். வீட்டில் இதைச் சொன்னதும் கார்த்திகா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மோஷன் என்றால் இங்கே அசைவு மட்டும்தான், நாம் சொல்கிற அர்த்தம் இந்த ஊரில் கிடையாது என்று அவள்தான் சொன்னாள். கடிதம் வந்த பிறகு அவள் முதலில் சிரித்தது அப்போதுதான்.

அந்த ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வடிகட்டியைக் கழற்றி மேசையில் பரப்பினேன். மீனுக்கென்று செய்த வடிகட்டி அது. ஒரு சின்ன மோட்டார், கீழே ஒரு கூடு, கூட்டுக்குள் ஒரு பஞ்சு. தண்ணீரை உறிஞ்சிப் பஞ்சு வழியாக இழுத்து மேலே துப்பும். தொட்டியில் விளிம்பு வரை தண்ணீர் நிற்கும் என்று நினைத்துச் செய்திருக்கிறார்கள். ஆமைக்குப் பாதித் தொட்டிதான் தண்ணீர், இல்லையென்றால் ஏறி வெளியே வந்துவிடும். அதனால் செங்குத்தாக நிறுத்தி வைத்த வடிகட்டியின் தலை தண்ணீருக்கு மேலே நிற்கிறது. காற்றை உறிஞ்சுகிறது. கிர்ர் சத்தம் அதுதான். இன்னொன்று, மீனின் கழிவு தூசி மாதிரி. ஆமையுடையது உருண்டை உருண்டையாக இருக்கும். அந்தச் சின்னப் பஞ்சு ஒன்றரை நாளில் அடைத்துக்கொள்கிறது.

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்ல. மூன்று வருடமாக ஒரு ஸ்குரு டிரைவரைக் கையில் பிடிக்காத ஆள் நான். வடிகட்டியைக் குறுக்கே படுக்க வைத்தேன். தலை தண்ணீருக்குள் போனது. சத்தம் நின்றது. சட்டென்று வீடு அவ்வளவு அமைதியானது. லட்சுமி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "கரண்டு போயிருச்சா" என்றாள்.

4

சத்தம் போனது, நாற்றம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாரிக்குப் போன் போட்டேன். அங்கே காலண்டர் சீசன். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே ஒரு நிமிடம் பேசாமல் இருந்தேன்.

"என்ன மச்சான், லயன்ல இருக்கீகளா?"

"இருக்கேன் மாப்ள. மூணாவது யூனிட்ல ரோலர் தட்டுது, பாரு."

"அங்கன இருந்துக்கிட்டே சொல்றீகளே" என்று சிரித்தான். அவனிடம் ஆமைத் தொட்டியை விவரித்தேன். முழுதும் கேட்டுவிட்டு அவன், "இதுக்கா மண்டையக் கசக்குறீக? நம்ம பழைய ரெண்டு கலருக்குத் தண்ணி டிரே பண்ணோம்ல, அதே கததான" என்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஆப்செட் அச்சில் பிளேட்டை ஈரமாக வைத்திருக்கத் தண்ணீர் ஒரு தட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். காகிதத் தூசியும் மையும் சேர்ந்து அது குழம்பாகிவிடும். எங்கள் பழைய மெஷினில் பாதி வேலையில் நிறுத்தி நிறுத்திக் கழுவ வேண்டியிருந்தது. ஒரு சீசனில் நானும் மாரியும் ஒரு வாளியை இரண்டு அறையாகத் தடுத்து, முதல் அறையில் முரட்டு நாரைப் போட்டு, நடுத்தடுப்பில் ஸ்கிரீன் பிரிண்டிங் நைலான் துணியை ஒட்டி, இரண்டாவது அறையில் பம்ப்பை வைத்தோம். பெரிய அழுக்கு முதலறையில் நின்றுவிடும். சின்ன அழுக்கு துணியில் நிற்கும். பம்ப்புக்குத் தெளிந்த தண்ணீர்தான் போகும். அந்தச் சீசன் முழுக்க மெஷின் நிற்கவில்லை. முதலாளி வந்து வாளியைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் ஒன்றும் சொல்லாமல் போனால் அது பெரிய பாராட்டு.

"பம்ப்புக்குப் பதிலா அந்த மீன் மோட்டார். அம்புட்டுத்தான்" என்றான் மாரி.

அன்றே இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றைக் காலி செய்தோம். கார்த்திகாவுக்கு அந்த வேலையில் சிரமம் இல்லை. டப்பாவின் ஒரு பக்கத்தில் சூடு காட்டிய ஆணியால் துளைகள் போட்டேன். உள்ளே தடுப்பு. முதலறையில் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார். இரண்டாவது அறையில் வடிகட்டியைப் படுக்க வைத்தேன். தடுப்புக்குத்தான் துணி சரியாக அமையவில்லை. திரைச்சீலைத் துணி பாசி பிடித்தது. லட்சுமியின் கால் உறையை வெட்டி ஒட்டினேன். ஒரு மணி நேரத்திலேயே அது அடைத்துக்கொண்டு தண்ணீர் ஏறுவது நின்றுபோனது. லட்சுமி வேறு, டூட்டிக்குக் கிளம்பும்போது ஒற்றை உறையைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"நம்ம துணியே அனுப்புறேன் மச்சான்" என்றான் மாரி, அடுத்த ஞாயிறு போனில். "விருதுநகர் போய் நாளைக்கே ஏர்மெயில்ல போட்டுவிடுறேன்."

5

பன்னிரண்டாம் நாள் பார்சல் வரவில்லை. ஒரு அட்டைதான் வந்தது. பார்சல் சுங்கச் சோதனையில் நிற்கிறது, அடையாளச் சீட்டோடு நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, கார்த்திகாவுக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனேன்.

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதிகாரி பார்சலை மேசை மேல் வைத்தார். பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. மாரி துணியைச் சுற்றி அனுப்பியது வெடிப் பாக்கெட் லேபிள் அச்சடித்ததில் கழிந்த தாள்களில். மேலேயே ராக்கெட் படம், பக்கத்தில் சங்குசக்கரம், நெருப்புப் பொறி பறக்கிற புஸ்வாணம். அதற்கு மேல் அனுப்பியவர் ஊர், சிவகாசி.

"இது பட்டாசா?" என்றார்.

"இல்லை சார். லேபிள். வெறும் லேபிள்."

"எதற்கான லேபிள்?"

"பட்டாசுக்கு."

"அப்படியென்றால் பட்டாசு எங்கே?"

"சிவகாசியில் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பொருளின் விவரம் என்ற கட்டத்தில் மாரி தன் கைப்பட எழுதியிருந்ததை வாசித்துக் காட்டினார். டர்ட்டில் மெஷின் கிளாத். ஆமை மெஷின் துணி. இந்த ஆமை மெஷின் என்பது என்ன என்று கேட்டார். நான் கையால் காற்றில் ஒரு டப்பாவை வரைந்து காட்டினேன். அப்போதுதான் கார்த்திகா முன்னால் வந்தாள். மேசை விளிம்புக்கு முகத்தைக் கொண்டுபோய், ஆமை, நாற்றம், கீழ்வீட்டுக்காரர், கடிதம், ஐஸ்கிரீம் டப்பா, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள். மாமா பட்டாசு செய்கிறவர் இல்லை, பட்டாசுக்குப் படம் அச்சடிக்கிறவர், தன் அப்பாவும் அதைத்தான் செய்தார் என்றாள். அதிகாரி ஒரு தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இது நன்றாக அச்சாகியிருக்கிறதே. இதையா கழித்தார்கள்?" என்றார் என்னிடம்.

நான் தடுப்பின் இடைவெளியில் விரலை நீட்டிக் காட்டினேன். சிவப்பு மை ஒரு நூல் அளவு விலகி விழுந்திருந்தது. ராக்கெட்டின் விளிம்பில் மெல்லிய வெள்ளைக் கோடு. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத் தேடிக் கண்டுபிடித்தார். பிறகு பார்சலைத் திறந்து, மடித்த நைலான் துணியை உதறிப் பார்த்து, எல்லாவற்றையும் திரும்பச் சுற்றிக் கொடுத்துவிட்டார். வரும் வழியில் பஸ்ஸில் கார்த்திகா அந்தத் தாள்களை மடியில் பிரித்து வைத்துக்கொண்டு, "நீங்க நெஜமாவே இதெல்லாம் அடிச்சீங்களாப்பா?" என்று தமிழில் கேட்டாள். ஊரில் இருந்தபோது அவள் என் அச்சகத்துக்குள் வந்ததே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. வீடு வரும்வரை பேசிக்கொண்டே வந்தேன்.

6

துணியை ஒட்டி, டப்பாவை மூடி, மேலே அந்த மூன்று கிலோக் கல்லை வைத்தேன். இனி ஜார்ஜால் அதைப் புரட்ட முடியாது. மோட்டாரைப் போட்டதும் தண்ணீர் துளை வழியாக உள்ளே போய், மறுபக்கம் கம்பி மாதிரித் தெளிவாக வந்து விழுந்தது. நானும் கார்த்திகாவும் தொட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு மணி நேரம் அதையே பார்த்தோம். இரண்டாம் நாள் அடியில் கிடந்த கூழாங்கல் ஒவ்வொன்றாகத் தெரிந்தது. ஜார்ஜ் நீந்தும்போது அதன் நிழல் கல் மேல் விழுந்தது. பார்வையிட வருவதற்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

ஐந்தாம் நாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்தது. ஆறாம் நாள் நாற்றம் திரும்பி வந்தது.

நான் செய்த தப்பு என்ன தெரியுமா. அச்சகத்தில் சாயங்காலம் மெஷினை நிறுத்தியதும் ரோலர் முதல் டிரே வரை பளபளவென்று கழுவி வைத்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். அதே கையோடு நாரையும் பஞ்சையும் துணியையும் தினமும் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து கழுவினேன். எவ்வளவு கழுவினேனோ அவ்வளவு கெட்டது. கெடக் கெட இன்னும் கழுவினேன். ஒரு சாயங்காலம் கார்த்திகா நூலகத்திலிருந்து கம்ப்யூட்டரில் அச்செடுத்த நாலு தாளோடு வந்தாள். நான் குழாயடியில் நின்றிருந்தேன்.

"கழுவாதீங்கப்பா."

"அழுக்கக் கழுவாம என்ன செய்ய?"

அவள் இங்கிலீஷில் வேகமாக என்னென்னமோ சொன்னாள். நான், எனக்குத் தெரியும் போ என்றேன். "நீங்க எப்பவும் கேக்கவே மாட்டீங்க" என்று தாள்களை என் மேல் வீசிவிட்டுப் போய்விட்டாள். நனைந்த தாள்களைப் பொறுக்கி, அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் வாசித்தேன். அவள் சொன்னதுதான் சரி. அழுக்கை நிறுத்துவது பாதி வேலைதான். பஞ்சிலும் நாரிலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடியேற வேண்டும், நல்ல கிருமிகள். அவைதான் ஆமையின் கழிவைத் தின்று நாற்றத்தைப் போக்கும். குழாய்த் தண்ணீரில் கலந்திருக்கும் மருந்து அவற்றைக் கொன்றுவிடும். நான் தினமும் அவற்றைக் கொன்று, தினமும் புதிதாக ஆரம்பித்துக்கொண்டிருந்தேன். புதிதாக வளர ஒரு மாதமாவது ஆகுமாம். எங்களிடம் இருந்தது எட்டு நாள்.

அவள் கதவைத் தட்டினேன். "கார்த்தி, நீ சொன்னது சரி. இப்ப என்ன செய்யலாம், சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தாள். கண் சிவந்திருந்தது. மூன்றாம் தாளில் ஒரு வரியைக் காட்டினாள். பழைய தொட்டியின் பஞ்சைப் பிழிந்த தண்ணீரைப் புதுப் பஞ்சில் ஊற்றினால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். லட்சுமி காய் நறுக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாலுக்கு ஒறை ஊத்துற மாதிரிதாங்க" என்றாள். "எங்கயாவது ஒறை மோர் வாங்கிட்டு வாங்க."

மறுநாள் கார்த்திகாவோடு பச்சை ஸ்வெட்டர்க்காரர் கடைக்கு ஓடினேன். இந்த முறை பேசியவள் அவள். அவர் பின்பக்கம் போய், வருடக்கணக்கில் ஓடுகிற தொட்டி ஒன்றிலிருந்து பஞ்சை எடுத்து, ஒரு பாட்டிலில் பிழிந்து கொடுத்தார். கறுப்பாக, கொழகொழவென்று இருந்தது. பஸ்ஸில் அதைச் சட்டைக்குள் வைத்துக் கதகதப்பாகக் கொண்டுவந்தேன். பக்கத்து ஸீட்டு அம்மாள் எழுந்து வேறு இடம் போனார். நாங்கள் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தோம்.

ஊற்றினோம். அன்றிலிருந்து குழாயடிக்கு நான் போகவில்லை. நாரை மட்டும் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு அலசு. ஜார்ஜை வேறொரு தொட்டியில் விட்டுத் தீனி கொடுத்துவிட்டுத் திரும்ப இங்கே விடுவது கார்த்திகாவின் யோசனை. என் கைகள்தான் சும்மா இருக்கத் தவித்தன. நாலாம் நாள் வெளுப்பு மட்டுப்பட்டது. ஏழாம் நாள் லட்சுமி வேலையிலிருந்து வந்து, கதவருகே நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனாள். அவ்வளவுதான். அதற்கு மேல் எங்களுக்கு என்ன சான்றிதழ் வேண்டும்.

7

வியாழக்கிழமை வந்தவர் நடுத்தர வயதுப் பெண்மணி. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது என்று சொல்ல மாட்டேன். லேசான மங்கல் இருக்கத்தான் செய்தது. அவர் தொட்டிக்கு மேல் குனிந்து முகர்ந்தார். தரையில் காதை வைக்காத குறையாகச் சத்தம் கேட்டார். பிறகு கோப்பைப் பிரித்து, "இதில் தரை ஆமை என்று இருக்கிறதே" என்றார்.

கார்த்திகா, "எங்கள் மொழியில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான்" என்றாள். அந்தச் சொல் என்ன என்று அவர் கேட்டார். கார்த்திகா சொன்னாள். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். பழைய சொல்லை அடித்துவிட்டு நன்னீர் ஆமை என்று திருத்தி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டார். ஐஸ்கிரீம் டப்பாவைப் பார்த்து, இதை யார் செய்தது என்றார்.

"அப்பா. அவர் அச்சு மெஷின்காரர்" என்றாள் கார்த்திகா. கிடங்கில் வேலை பார்க்கிறார் என்று அவள் சொல்லவில்லை.

8

இனி போன சனிக்கிழமை. அதற்கு முன்பே இரண்டு வாரமாக ஜார்ஜ் சாப்பிடவில்லை. பின்னங்காலால் கண்ணாடியைப் பிராண்டிக்கொண்டே இருந்தது. வடிகட்டியில்தான் ஏதோ கோளாறு என்று நான் மூன்று தடவை அதைக் கழற்றிப் பூட்டினேன். கடைசியில் பிராணி டாக்டரிடம் கொண்டுபோனோம். அவர் எக்ஸ்ரே எடுத்துப் படத்தை விளக்கில் மாட்டினார். வயிற்றுக்குள் வெள்ளை வெள்ளையாக எட்டு முட்டைகள்.

ஆண் துணை இல்லாமலே முட்டை வைக்குமாம், பொரிக்காது. ஆனால் மண் இல்லாத இடத்தில் உள்ளேயே அடக்கிக்கொண்டால் உயிருக்கு ஆபத்து. உடனே வந்து துணி துவைக்கும் பெரிய தொட்டி ஒன்றில் மணலும் மண்ணும் கலந்து நிரப்பி, ஜார்ஜை அதில் விட்டோம். நானும் கார்த்திகாவும் இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். அது நாலடி நடக்கும், நிற்கும், ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்ளும். வெள்ளி முழுதும் அப்படியே போனது.

சனிக்கிழமை மத்தியானம் லட்சுமி டூட்டி முடிந்து யூனிஃபார்மோடு வந்தாள். ஒரு வருடமாக அந்தத் தொட்டிப் பக்கமே போகாதவள், வாசலில் நின்று இரண்டு நிமிடம் ஆமையையே பார்த்தாள். பையை வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"ரெண்டு பேரும் தள்ளிப் போங்க. இப்படி மொகத்துக்கு நேரா நின்னா அது எப்படிப் பெறும்?" என்றாள். "அந்த லைட்ட அமத்துங்க. கார்த்தி, வெதுவெதுன்னு ஒரு சொம்பு தண்ணி கொண்டா. மண்ணு காஞ்சு கெடக்கு, தோண்டுனா சரியுதுல்ல."

தண்ணீரைத் தெளித்து மண்ணைக் கையால் அழுத்திப் பதமாக்கினாள். தொட்டியின் மேல் பாதிக்குத் துண்டைப் போர்த்தினாள். பிறகு சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாங்கள் அறை வாசலில் நின்றோம். கால் மணி நேரத்தில் துண்டுக்குள்ளிருந்து மண் பறிக்கும் சத்தம் கேட்டது. பின்னங்கால்கள் மாறி மாறித் தோண்டின. லட்சுமி எங்களைத் திரும்பிப் பார்க்காமல், மெதுவாக, "அப்படித்தான். அவசரம் இல்ல. அப்படித்தான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். யாரிடம் அவள் அந்தக் குரலில் பேசியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். விருதுநகரில் எத்தனையோ பெண்கள் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள். நான் கேட்டது அன்றுதான்.

ஒவ்வொன்றாக எட்டும் விழுந்தன. வெள்ளையாக, நீளவாக்கில், பெருவிரல் அளவு. கடைசி முட்டை மேல் ஜார்ஜ் மண்ணைத் தள்ளி மூடியதும் லட்சுமி எழுந்தாள். முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நாலு வருசமாச்சுங்க, ஒரு பிரசவம் பாத்து" என்றாள்.

மாரிக்குப் போன் போட்டேன். ஆமை முட்டை வைத்துவிட்டது என்று நான் ஆரம்பிப்பதற்குள் கார்த்திகா போனை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். "மாமா, எட்டு மாமா. அம்மாதான் பாத்துச்சு. நாங்க அங்கன நிக்கக் கூடாதுன்னு வெரட்டிருச்சு. மண்ணுக்குத் தண்ணி தெளிச்சு, துண்டப் போட்டு மூடி, எம்புட்டு நேரம் தெரியுமா உக்காந்திருந்துச்சு" என்று போய்க்கொண்டே இருந்தாள். எனக்குச் சொல் தேடித் தர ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது. மாரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இழுத்தான்.

"ஏத்தா கார்த்தி, அப்ப அது பொட்டையா? பேரு என்னமோ ஆம்பளப் பேருல்ல வச்சிருக்கீக. இனிமே அத மாத்தணுமே?"

"எதுக்கு மாமா மாத்தணும்?" என்றாள் கார்த்திகா. "என்னையப் பெத்த பெறகு அம்மா பேர மாத்துச்சா?"

மெஷின் ஓடுகிற சத்தத்துக்கு மேலே மாரி சிரிக்க ஆரம்பித்தான்.